இடப்பக்க மட்டை

பொத்தானை அழுத்துவதற்கும் மட்டை எழுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அது மெஷினுடையதா என்னுடையதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேகாத வெயிலில் ஞானவேலுவின் கேம்ஸ் ஹாலுக்கு வந்து நிற்கிறேன், ஆனால் அதை பெலிக்ஸிடம் சொல்லவில்லை, சும்மா ஆடிப் பார்க்கலாம் வா என்றுதான் தம்பியை அழைத்து வந்தேன், அவனும் அக்காவுக்குப் பாரீஸ் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கொன்றை மர நிழலில் நிறுத்திவிட்டு வந்தான். புதுச்சேரியில் நிஜ மெஷின் இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னவனும் அவன்தான். கடற்கரைப் பக்கம் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம். பிரான்ஸில் இதற்கு ஃபிளிப்பர் என்று பெயர், இங்கே பின்பால் என்கிறார்கள், எப்படிச் சொன்னாலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் நம் பக்கமாகச் சாய்ந்த பலகை. இந்தப் பலகையில் ஆழ்கடல் படம், ஒரு ஆக்டோபஸ், செப்புத் தலைக்கவசம் போட்ட முத்துக்குளிப்பவன் ஒருவன். எஃகுப் பந்து மேலிருந்து உருண்டு வருகிறது, கீழே நடுவில் ஒரு வாய், வாய்க்கு இரண்டு பக்கமும் விரல் நீளத்தில் இரண்டு மட்டைகள், பெட்டியின் இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான், பந்து வாய்க்குள் போகாமல் அடித்து மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இடது பொத்தான் இடது கைக்கு. அப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. இதைத்தான் நினைக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் போனில்தான் கவனித்தேன். இங்கே மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஊரே கடையைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறது, அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது, எல்லோரும் தூங்கும்போது விழித்திருப்பவளுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது, பின்பால் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டேன். போன் ஆட்டத்தில் பந்துக்கு எடை கிடையாது. கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தால் மட்டை எழுகிறது, ஆனால் விரலுக்கு எதுவும் தெரிவதில்லை, அழுத்தினோமா தடவினோமா என்றுகூடத் தெரியாது, தயிரில் விரல் வைத்த மாதிரி. படம் மட்டும் அழகு, நிஜ மெஷினில் இருக்க முடியாத அழகு, தூசி இல்லை, ரப்பர் காய்ந்து வெடிக்கவில்லை, பந்து போன வாரம் வந்த பாதையிலேயே இந்த வாரமும் வருகிறது, ஒழுங்காகப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. அதனால்தான் தெரிந்தது. ஒரே மாதிரி வருகிற பந்தை வலது பக்கம் எப்போதும் அடிக்கிறேன், இடது பக்கம் எப்போதும் விடுகிறேன். போன் பழசு என்று சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் இடது மூலைக்கு மட்டும் உணர்வு போயிருக்கும். அப்புறம் பெலிக்ஸின் பிள்ளை படிக்கப் போனபோது விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் ஆடினேன், அதில் கீபோர்டின் இரண்டு ஓரத்து விசைகள்தான் பொத்தான்கள். கண்ணாடியைவிடப் பரவாயில்லை, விசை கீழே போய் மேலே வருகிறது, விரலுக்கு ஒரு பதில் கிடைக்கிறது, ஆனால் மெஷினை இடித்துப் பந்தைத் திருப்ப வேண்டுமானால் இடிப்பதற்கென்று வேறொரு விசை, இடுப்பால் செய்கிற வேலையை விரலால் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனை மனுப்போட்டு அடிக்கிற மாதிரி. அதிலும் இடது பக்கம்தான் போனது. கீபோர்டில் அந்தப் பக்கம் பையன் ஜூஸைக் கொட்டியிருப்பான் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தேன், ரெமி போனில் சிரித்தான், "அத்தை, நான் ரெண்டு பக்கமும்தான் கொட்டிருக்கேன்" என்றான்.

சென்னைக்கு விசா வேலையாகப் போன அன்று மாலில் இருந்த பெரிய மெஷினில் ஆடினேன். வெளியிலிருந்து பார்த்தால் அசல் ஃபிளிப்பர், நான்கு கால், பக்கவாட்டில் பொத்தான், ஸ்பிரிங் வைத்த இழுப்பான், எல்லாம் உண்டு, உள்ளே மட்டும் பலகை இல்லை, பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிவியைப் படுக்கப்போட்டிருக்கிறார்கள். பந்து படத்தில் மோதும்போது பெட்டிக்குள் எங்கேயோ ஒரு சின்ன மோட்டார் 'டொக்' என்று தட்டுகிறது, கைக்கு அது வந்து சேர்கிறது, ஆனால் ஒரு இமைப்பொழுது பிந்தி. கண் முன்னால் போகிறது, கை பின்னால் வருகிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் தொழிலே அதுதான். பாரீஸில் இருந்த காலமெல்லாம் அகதி மனு விசாரணைகளில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான், ஒருவர் பேசப் பேச அடுத்தவர் காதில் சொல்ல வேண்டும், எப்படி ஓடினாலும் நாலைந்து சொல் பின்தங்கித்தான் ஓட முடியும், தமிழில் வினை கடைசியில் வருகிறது, வந்தார்களா வரவில்லையா அடித்தார்களா விட்டார்களா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும், நீதிபதி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் மனு கொடுத்தவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே ஊகிப்பார். முகத்தைப் பார்த்தால் தெரியும், மூச்சைப் பார்த்தால் தெரியும், வினை வருவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடலாம். அந்த மாதிரித்தான் மாலில் ஆடினேன், மெஷின் பிந்துகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு முந்தி அழுத்தினேன், வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் முந்தி அழுத்தினாலும் பிந்தியது. அன்றைக்கு ரயிலில் வரும்போது ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தேன், விழுப்புரம் வரை விடவில்லை, ரயில் ஆடும்போது எது கை எது ரயில் என்று யாருக்கும் தெரியாது.

"மதாம், நீங்க தூக்கித் தூக்கி அடிக்கிறீங்க, அப்டி அடிச்சா நிக்காது" என்று ஞானவேலு பின்னாலிருந்து சொல்கிறார். என்னை அவருக்குப் பத்து நிமிடமாகத்தான் தெரியும், பிரெஞ்சு பாஸ்போர்ட் வாடை அடிக்கிற எல்லாப் பெண்களும் இங்கே மதாம்தான். பெலிக்ஸ் "அது பாரீஸ் அடி, உங்களுக்குப் புரியாது" என்கிறான். "அப்ப பந்துக்கு தமிழ்தான் தெரியும்போல சார், நேரா உள்ளாரப் போவுது." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், பந்து இடது ஓரச் சந்தில் இறங்கிப் போய்விடுகிறது. இப்போது சிரித்ததால் போனது. இதற்கு முந்தைய பந்து பழக்கமில்லாததால் போனது. நிஜ மெஷினைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, எடையே மறந்துவிட்டது, போனில் ஆடியவளுக்கு இந்தப் பந்து ஒரு கோலிக்குண்டு அல்ல, ஒரு விலங்கு, உருளும்போது பலகை முழுக்க அதன் கனம் கேட்கிறது, உள்ளங்கையைப் பெட்டியின் ஓரத்தில் வைத்திருந்தால் பந்து எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பாரீஸில் வீட்டுக்குக் கீழே இருந்த கஃபேயில் இரண்டு மெஷின்கள் இருந்தன, ஒன்று பழசு, மணி வைத்தது, எண் சக்கரங்கள் சுழன்று கணக்குக் காட்டும், மெதுவான பந்து, மட்டைகளுக்கு நடுவில் ஆறு ஓடுகிற அளவு இடைவெளி, அதில் அடிப்பதைவிட இடிப்பதுதான் ஆட்டம், இடுப்பால் லேசாக ஒரு இடி, உள்ளங்கையால் ஒரு தள்ளு, அளவு மீறினால் மெஷின் முறைத்துக்கொண்டு விளக்கையெல்லாம் அணைத்துவிடும். இன்னொன்று புதுசு, பேசும், திட்டும், பாட்டுப் போடும், பந்து சரிவில் ஏறிக் கம்பிப் பாதையில் பறந்து வரும், அதில் யோசிக்க நேரமே கிடையாது. ஓட்டல்களில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிற யாழ்ப்பாணத்து அண்ணைமார் பழசில்தான் ஆடுவார்கள். நடராசண்ணை என்று ஒருவர், கை எல்லாம் சோப்புத் தண்ணீரில் வெளுத்திருக்கும், அவர்தான் "பந்தை அடியாதை பிள்ளை, முதல்ல பிடி" என்றார். மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் பந்து வந்து மட்டையின் மடியில் உட்கார்ந்துகொள்ளும், அப்படியே நிற்கும், அப்போது ஒரு மடக்கு காப்பி குடிக்கலாம், எங்கே அடிப்பது என்று யோசிக்கலாம், பிறகு விட்டு, உருள விட்டு, அடிக்கலாம். போனிலும் பிடிக்கலாம்தான், ஆனால் போனில் பிடித்த பந்து படமாக நிற்கிறது. இங்கே நிற்கிற பந்து நிற்பதற்கு மெனக்கெடுகிறது, மட்டைக்குள் மின்சாரம் ரீங்கரிப்பது விரலில் தெரியும்.

மூன்றாவது பந்தும் இடது ஓரம். இந்த முறை நான் சிரிக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. பந்து மேலே நடுவில்தான் இருந்தது, நடுவிலிருந்து எதற்கு இப்படி இடதுபக்கமாகவே நழுவி வர வேண்டும், நான் இன்னும் எதையும் அழுத்தவே இல்லையே. நான் அழுத்துவதற்கு முன்னாலேயே பந்து இடது பக்கம் போகிறதென்றால் குற்றம் என்னுடையது இல்லை. மனதுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. "பெலிக்ஸ், இது நேரா நிக்குதா?" என்றேன். அவன் கட்டடக் காண்ட்ராக்டர், இந்தக் கேள்வி கேட்டால் அவனால் சும்மா நிற்க முடியாது. குனிந்து பார்த்தான், கண்ணாடி மேல் ஒரு டீ கிளாஸை வைத்துப் பார்த்தான், டீ இடப்பக்கம் ஏறி நின்றது. பிறகு மெஷினை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான், வாசலுக்குப் போய் அங்கிருந்து பார்த்தான், திரும்பி வந்து "அண்ணாச்சி, இந்தத் தரைய யாரு போட்டது?" என்றான். ஞானவேலுவுக்கு முகம் மலர்ந்தது. "வாஸ்து பாத்துப் போட்டது சார். கழுவிவிட்டா தண்ணி அப்டியே ஈசானிய மூலைக்குப் போவும். ஒரு சொட்டு நிக்காது." "தண்ணி மட்டுமா போவுது, பந்தும்ல போவுது." "எங்க?" "ஈசானியத்துக்கு. அக்கா அடிக்கிற பந்தெல்லாம் வாஸ்துபடிதான் போயிட்டிருக்கு." ஞானவேலு கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், "அப்ப நல்லதுதான சார்" என்றார். பெலிக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு, தரைதான், தரைதான், இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தது ஒரு கொத்தனார் விட்ட வாட்டம். அப்படியென்றால் போன்? போன் பழசு. கீபோர்டு? ஜூஸ். மால்? அந்த மால் தரையையும் யாராவது வாஸ்து பார்த்துப் போட்டிருப்பார்கள். படுக்கப்போட்ட டிவிக்குள் இருக்கிற பந்துக்குத் தரை எப்படிச் சாய்ந்தால் என்ன, அது படம், அதற்கு ஈசானியமும் கிடையாது அக்கினியும் கிடையாது என்று எனக்குத் தெரியாதா. தெரியும். அந்தச் சொல் வாயருகில் வந்தது, நான் மொழிபெயர்க்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சரி வாடா சாப்பிடப் போகலாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்குத் தரை போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் இந்த மெஷினின் கால்களில் திருகு இருக்கிறது, உயர்த்தலாம் தாழ்த்தலாம், அது எனக்குத் தெரியும், பெலிக்ஸுக்குத் தெரியாது, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாமல் "காலத் திருகினா நேராயிடும்" என்று சொல்லிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவள் இல்லை. ஞானவேலு ஸ்பேனர் கொண்டுவந்தார், பெலிக்ஸ் பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கினான், அவர் உட்கார்ந்து திருகினார், நான் டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னேன், இன்னும், இன்னும், போதும், கொஞ்சம் இறக்குங்க. "ஒரு மணிக்கு சாத்தணும் மதாம், வூட்ல சோறு ஆறிடும்." "இதோ ஆச்சு." பெலிக்ஸின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்பாவையும் இப்படித்தான் தூக்குவான், தோளை அவர் அக்குளுக்குள் கொடுத்து, ஒரு காலை முன்னால் வைத்து. லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா, கடைசி வரை படுக்கைத் துணியை முகாமில் மடிக்கிற மாதிரி மடிக்கச் சொல்வார், மடிக்கும்போதே அவர் கை வந்து அதைக் கலைக்கும், பெலிக்ஸ் மறுபடி மடிப்பான், கோபமே வராது அவனுக்கு, வந்திருக்கும், நான் இருக்கும்போது வரவில்லை. அவன் பெண்டாட்டி இரண்டு வருடம் தாய்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். காரணம் என்ன என்று யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்பா போய் இப்போதுதான் அவன் வயிறு கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறான், போன மாதம் புதுத் தூண்டில் வாங்கினான், அதை எனக்குக் காட்டியபோது அவன் முகம். நான் வந்து மாடியில் குடியேறியிருக்கிறேன். ஆளில்லாதவள், வேறே எங்கே போவேன். மாடிக்குப் படி செங்குத்து என்று போன வாரம் அவனாகவே கைப்பிடிக் கம்பி போடுவதைப் பற்றிப் பேசினான், நான் எதற்கு என்று கேட்டேன், வயசாகுதுல்ல என்றான், எனக்கா உனக்கா என்றேன்.

டீ இடமும் வலமும் சமமாக நிற்கிறது. இழுப்பானை இழுத்து விடுகிறேன். பந்து மேலே போய், ஆக்டோபஸின் மேல் முட்டி, நடுவில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தயங்கி வருகிறது, நல்ல மெஷினில் பந்து தயங்கும், அதுதான் அடையாளம். வலது மட்டைக்கு வந்தது, அடித்தேன், சரிவில் ஏறியது, மணி அடித்தது. "அப்டிப் போடு" என்று பெலிக்ஸ். மறுபடி வலது. மறுபடி சரியாக. உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது, கஃபேயின் புகை, ஈரக் கோட்டு வாசம், நடராசண்ணையின் வெளுத்த விரல்கள், எல்லாம் வலது கையில் இருக்கிறது. இடது பக்கம் வந்தது, அழுத்தினேன், மட்டை எழுந்தது, பந்தின் முதுகைத் தடவி விட்டது, அடிக்கவில்லை. தற்செயலாக வலது பக்கம் உருண்டு பிழைத்தது. இப்போது தரை இல்லை. டிவி இல்லை. பொத்தானுக்கும் மட்டைக்கும் நடுவில் ஒரு கம்பியும் ஒரு காந்தமும் தவிர எதுவுமே இல்லை. இருந்தாலும் வேகமாக வருகிற பந்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, யாருக்கும் தவறும், பிடித்துப் பார்த்தால் தெரியும், அடிக்காதே பிள்ளை முதலில் பிடி. வலது மட்டையிலிருந்து மெதுவாக ஒரு பந்தை இடது பக்கம் அனுப்பினேன், இடது பொத்தானை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன், மட்டை எழுந்து நின்றது, பந்து வந்து அதன் மடியில் உட்கார்ந்தது. நின்றது. அசையாமல் நின்றது. பார்த்தாயா. விரலில் ரீங்காரம் மட்டும். "ஏன் அடிக்க மாட்டேங்குற?" என்கிறான் பெலிக்ஸ். "யோசிக்கிறேன்." ஒன்றும் யோசிக்கவில்லை, நின்ற பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆக்டோபஸின் கண்ணில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, முத்துக்குளிப்பவனுக்கு மீசை வைத்திருக்கிறார்கள், யாரோ பேனாவால் வைத்த மீசை. அப்போது தொடங்கியது.

டக டக டக. மட்டை மயிரிழை இறங்கி ஏறுகிறது, இறங்கி ஏறுகிறது, பந்து அதன் மடியில் நடுங்குகிறது. தொட்டிலுக்குள் பல் கடிக்கிற சத்தம் மாதிரி. இது மெஷினாகவும் இருக்கலாம். பழைய மெஷினில் மட்டைக்கு அடியில் ஒரு தகடு தேய்ந்துபோனால் தூக்கிப் பிடிக்கும்போது இப்படி அடித்துக்கொள்ளும், கஃபேயில் பார்த்திருக்கிறேன், கஃபேக்காரர் உள்ளே கைவிட்டு வளைத்து விடுவார், சரியாகிவிடும். மெஷின்தான். போனில் இது தெரிந்திருக்காது, போனுக்கு விரல் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான், நடுவில் ஒன்றும் கிடையாது, நடுங்குகிற விரலும் அதற்கு இருக்கிற விரல்தான். கீபோர்டும் அப்படித்தான். இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் நடுவில் இருப்பது தெரியும், இதன் பொத்தானுக்குப் பின்னால் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, விரல் சொல்வதையெல்லாம் அவை அப்படியே சொல்லும், சொல்லுக்குச் சொல், இவ்வளவு நேர்மையான மொழிபெயர்ப்பாளரை நான் பார்த்ததில்லை. அப்பா பேப்பர் படிக்கும்போது சரசரவென்று சத்தம் வரும். பாரீஸிலிருந்து போன் செய்யும்போது அது கேட்கும், என்னப்பா மழையா என்று ஒரு தடவை கேட்டேன், இல்லம்மா பேப்பர் என்றார். அவருக்கும் பேப்பரை எடுத்த உடனே வராது. எடுத்து, பிரித்து, முதல் செய்தி பாதி படிக்கிற வரை கை கல் மாதிரி நிற்கும், பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும், தெருவில் பின்னாலேயே வந்த நாய் நாம் நின்றதும் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி. தகடு தேய்ந்திருந்தால் மட்டையைத் தூக்கிய உடனேயே அடித்துக்கொள்ளும். இது நின்றுவிட்டு ஆரம்பித்தது. டக டக டக. அதைச் சரிபார்க்க ஒரே வழிதான் இருக்கிறது, வேறு யாராவது பிடித்துப் பார்க்க வேண்டும், வேறு யாராவது என்றால் ஞானவேலு, அவர் ஷட்டர் கம்பியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார், கூப்பிடலாம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பிடித்தால் எனக்கு மட்டும் தெரியும், எனக்கு மட்டும் தெரிவதுதான் நல்லது, கொஞ்ச நாளைக்கு, தூண்டில் பழசாகிற வரைக்குமாவது. வாயைத் திறக்கிறேன்.

"பெலிக்ஸ்."

"ம்."

"இதக் கொஞ்சம் புடி."

அவன் என் இடப்பக்கம் வந்து நிற்கிறான். விரலை எடுத்தால் மட்டை விழும், பந்து போய்விடும், அதனால் "என் வெரல் மேல வையி, நான் உருவிக்கிறேன்" என்கிறேன். அவன் விரலை என் விரல் மேல் வைக்கிறான். சிமெண்ட் அரித்துச் சொரசொரத்த விரல். வைத்தவன் அப்படியே நிற்கிறான். என் விரல் அவன் விரலுக்கு அடியில் அடித்துக்கொண்டிருக்கிறது, பந்து நடுங்குகிறது, அவன் பந்தைப் பார்க்கவில்லை. இதற்கு இடைவெளி எதுவும் இல்லை, கம்பி இல்லை, காந்தம் இல்லை, அவன் விரலுக்கு இந்த மொழி தெரியும், பதினோரு வருடம் அதற்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். நான் மெதுவாக உருவிக்கொள்கிறேன். அவன் விரல் பொத்தானை மூடிக்கொள்கிறது. டக டக நின்றுவிட்டது. மட்டை எழுந்தபடி நிற்கிறது, பந்து அதன் மடியில் உட்கார்ந்திருக்கிறது, விளக்கு அதன் மேல் விழுந்து ஒரு புள்ளியாக நிற்கிறது, புள்ளி அசையவில்லை. காத்திருக்கிறேன். முதல் செய்தி பாதி படிக்கிற நேரம். முழுச் செய்தியும் படிக்கிற நேரம். அசையவில்லை. வாசலில் ஞானவேலு பாதி ஷட்டரை இறக்குகிற சத்தம், வெயில் இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ளே வருகிறது.

"எப்பலேர்ந்து?" என்கிறான்.

"மழைக்கு முன்னாடிலேர்ந்து இருக்கும்."

"வலது?"

"வலது நல்லா இருக்கு."

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே தலையை ஆட்டுகிறான். "திங்கக்கெழம போலாம்."

"திங்கக்கெழம உனக்குத் தளம் போடுறது இருக்குன்னியே."

"அதுக்கு மேஸ்திரி இருக்காரு." பந்தைப் பார்த்தபடியே, "அப்பாவ லேட்டாதான் காட்டுனோம். மொத ரெண்டு வருஷம் குளிருன்னு சொன்னாரு, நாமளும் குளிருன்னோம். புதுச்சேரில." அவனுக்குச் சிரிப்பு வருவது மாதிரி இருந்தது, வரவில்லை. "கைப்பிடிக் கம்பி போடுறேன்னு சொன்னப்ப ஏன் எதுக்குன்னு கேட்ட?"

அவன் பார்த்திருக்கிறான். படி ஏறும்போதோ, சாப்பிடும்போதோ, நான் கவனித்ததற்கு முன்னாலேயே கவனித்திருக்கிறான், நான் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிட்டான். நிறையக் கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை, அது வந்து போகட்டும் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணாடியில் இரண்டு பேரின் முகமும் ஆக்டோபஸின் மேல் தெரிகிறது. "இத எவ்ளோ நேரம் புடிச்சுக்கிட்டிருக்கணும்?" என்கிறான் பெலிக்ஸ், "வெரலு மரத்துப் போவுது." "விடு, உருண்டு வரும், நான் சொல்லும்போது அடி." கஃபேயில் காதலர்கள் இப்படி ஆடுவார்கள், ஒருவர் இடது பொத்தான் ஒருவர் வலது பொத்தான், நடுவில் தோள் உரசிக்கொண்டு, நாங்கள் கேலி செய்வோம். போனில் இப்படி ஆட முடியாது, ஒரு போனைப் பிடிக்க இரண்டு பேருக்கு இடம் ஏது. அவன் விட்டான், பந்து மட்டையின் நுனிக்கு உருண்டு வந்தது, "இப்ப" என்றேன், அடித்தான், பந்து அதற்குள் வாய்க்குள் போயிருந்தது.

"போச்சா?"

"போச்சு."

"நான் லேட்டா?"

"நீ லேட் இல்ல. நான் சொன்னதுதான் லேட்."

"மதாம், சோறு" என்கிறார் ஞானவேலு ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து, அவர் கால்கள் மட்டும் தெரிகின்றன. "ஒரே ஒரு பந்து அண்ணாச்சி" என்கிறான் பெலிக்ஸ். அவன் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. வலது கையால் இழுப்பானை இழுத்து விடுகிறேன், இடது கையைப் புடவை மடிப்புக்குள் வைக்கவில்லை, பெட்டியின் ஓரத்திலேயே வைத்திருக்கிறேன், அது தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளட்டும். பந்து மேலே போகிறது, மணி அடிக்கிறது, முத்துக்குளிப்பவனைச் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வந்து தயங்குகிறது. நான் சொல்லி, அவன் கேட்டு, அவன் விரல் அழுத்தி, மட்டை எழ எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறேன், கணக்கு இல்லை, இது வேறு விதமாகத் தெரிகிற ஒன்று, நாலைந்து சொல் தூரம். பந்து இடது பக்கம்தான் வரப்போகிறது, அதன் தோளைப் பார்த்தால் தெரிகிறது. அது இன்னும் மேலேதான் இருக்கிறது, பெலிக்ஸ் என் வாயைப் பார்க்கிறான்.

"இப்ப" என்கிறேன்.